தம்பிட கிட்டார விக்கிறதா, வைக்கிறதா? மகனுக்குச் சொன்ன கணக்கு

போன கிழம ராத்திரி தம்பிட மூத்தவன் கோல் எடுத்து, "பெரியப்பா, அப்பாட கிட்டார ஒருத்தர் கொழும்புல இருந்து 150,000 ரூவாக்குக் கேக்கிறார், குடுக்கிறதா?" எண்டு கேட்டான். தம்பி செத்து ஒரு வருசம் முடிஞ்சதுக்கு அவன் பேஸ்புக்ல ஒரு பழைய போட்டோ போட்டிருக்கான், தம்பி கோயில் பெருநாள்ல மேடையில நிண்டு வாசிக்கிறது, அத எங்கயோ கண்டுட்டுத்தான் அந்த ஆள் இன்பொக்ஸ்ல வந்திருக்கார். முதல் நாள் "பழைய ஜப்பான் சாமான்தானே தம்பி" எண்டு 60,000 சொன்னாராம், இவன் பதில் போடல்ல, ரெண்டு நாள்ல 150,000 ஆக்கிட்டார். ரெண்டு நாளைக்குள்ள ரெண்டரை மடங்கு ஏத்துற ஆள் இன்னும் ஏத்துவார், அதுமட்டும் நிச்சயம். அதனால முதல் சொன்னது, இந்தக் கிழம ஒண்டும் பேசாத, நான் யோசிச்சுச் சொல்றன் எண்டு. யோசிச்சு யோசிச்சு போன்ல சொல்ல ஏலாத அளவுக்கு நீண்டுட்டு, அதுதான் அவனுக்கு எழுதுறன். எங்கட பக்கத்துல இப்பிடி அலுமாரிக்கு மேல கிட்டார் கிடக்கிற வீடு இன்னும் நாலஞ்சு எனக்கே தெரியும், அவங்களுக்கும் உதவும்.

முதல்ல சாமான் என்னெண்டு சொல்லோணும். தம்பி கப்பல்ல வேல செய்த காலம், 1984ல யோக்கோஹாமாவில இறங்கி புதுசா எடுத்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் எண்ட எலெக்ட்ரிக் கிட்டார், ஆனா அமெரிக்காவில செய்தது இல்ல, ஃபெண்டர் ஜப்பான். 1970கள் முழுக்க ஜப்பான்காரன் அமெரிக்கக் கிட்டார்களக் கொப்பி அடிச்சு, அசல விடத் திறமா செய்யத் தொடங்கிட்டான். அதப் பாத்துப் பயந்துபோய்த்தான் ஃபெண்டர் கொம்பனியே 1982ல அங்க ஒரு கூட்டுக் கொம்பனி தொடங்கி, மற்சுமோட்டோ எண்ட ஊர்ல ஃபூஜிகென் ஃபக்டரியில தன்ட பேரிலேயே செய்விச்சது. அந்த முதல் ரெண்டு மூண்டு வருசத்துச் சாமானுக்கு சீரியல் நம்பர் ஜேவி எண்டு தொடங்கும், 1982 தொடக்கம் 1984 வரைக்கும். அதுக்கு இண்டைக்கு வெளிநாட்டில தனி மவுசு. மொடல் நம்பர்லயே விலையும் கிடக்கும், ஃபெண்டர்காரன் ஜப்பான்ல அப்பிடித்தான் பேர் வச்சான்: எஸ்டி62-65 எண்டா 1962 மொடல் மாதிரி, லிஸ்ட் விலை 65,000 யென். 85 எண்டா 85,000, 115 எண்டா 115,000. தம்பிட 65. அதாவது அந்த வரிசையில கீழ்ப்படி.

இப்ப "வின்டேஜ்" எண்ட சொல்லப் பத்தி. எங்கட ஆக்கள் பழசெண்டாலே கோடிக்குப் போகும் எண்டு நினைக்கிறாங்க, ஏனெண்டா செய்தியில வாறது அப்பிடி. 1954ல ஸ்ட்ராட், அதுதான் ஸ்ட்ராட்டோகாஸ்டர், வெளியில வரக்குள்ள விலை 249 டொலர் 50 சதம், இண்டைக்கு அந்த வருசத்துச் சாமான் பல்லாயிரம் டொலர். 1958 தொடக்கம் 1960 வரைக்கும் வந்த கிப்சன் லெஸ் போல் சன்பர்ஸ்ட் அந்த நேரத்துல விலைபோகாமக் கிடந்து உற்பத்தியையே நிப்பாட்டின சாமான், இண்டைக்கு லட்சக்கணக்கான டொலர். 1965 ஜனவரியில ஃபெண்டர சிபிஎஸ் எண்ட பெரிய கொம்பனி 1 கோடியே 30 லட்சம் டொலருக்கு வாங்கிச்சு, மறுகா தரம் இறங்கிட்டு எண்டு ஒரு பேச்சு, அதனால அதுக்கு முந்தினதுக்கு ஒரு விலை, பிந்தினதுக்கு வேற விலை. பிங்க் ஃபுளொய்ட் எண்ட இங்கிலாந்து பேண்ட்ல வாசிச்ச டேவிட் கில்மோர்ட கறுப்பு ஸ்ட்ராட் 2019ல ஏலத்துல 39 லட்சத்து 75 ஆயிரம் டொலருக்குப் போனது. அந்தக் கிட்டார் 1969ல செய்த சிபிஎஸ் காலத்து ஸ்ட்ராட், கழுத்து, பிக்அப் (கம்பிட அதிர்வ கரண்டாக்கி அம்புக்கு அனுப்புற பகுதி), வயர் எல்லாம் பலதரம் மாத்தினது. அந்த விலை அவர்ட கைக்குக் குடுத்தது, மரத்துக்கு இல்ல. எங்கட தம்பிட கை பட்ட கிட்டாருக்கு அப்பிடி ஒரு விலை நானும் நீயும்தான் போடுவம், ஏலக்காரன் போடமாட்டான், அத முதல்ல மனசுல வச்சுக்கொள்.

சரி, சல்லிக் கணக்குக்கு வாறன். 1984ல 65,000 யென் எண்டா கிட்டத்தட்ட 270 டொலர், அண்டைய டொலர் எங்கட சல்லியில 25 ரூவா மட்டில, ஆக 6,800, 6,900 ரூவா. இண்டைக்கு இந்த மொடல், கொஞ்சம் மாத்தம் செய்த நிலைமையில, வெளியில 1,100 டொலர் மட்டில போகும் எண்டு வை, டொலர் 300 எண்டா 3 லட்சத்து 30 ஆயிரம். 48 மடங்கு! எண்டு வாயப் பிளக்காத. டொலர்ல பாத்தா 270 1,100 ஆகியிருக்கு, நாலு மடங்குதான், மிச்சப் பன்னிரெண்டு மடங்கும் எங்கட ரூவா விழுந்த கணக்கு. கிட்டார் ஏறல்ல, நாமதான் இறங்கினம். 2022ல மார்ச்சுக்கும் மேக்கும் இடையில டொலர் 200ல இருந்து 360க்குப் போன நேரம் ஒரு கிட்டாரும் அலுமாரிய விட்டு அசையல்ல, ஆனா எல்லாத்திட ரூவா விலையும் ஏறிட்டு.

இன்னொரு கணக்கும் போட்டுப் பாத்தன், தம்பிட மனிசி கேட்டா அழுவாள் எண்டு அவளுக்குச் சொல்லல்ல. அண்டைக்கு அந்த 270 டொலருக்கு தம்பி தங்கம் எடுத்திருந்தா மூண்டு பவுண் வந்திருக்கும். இண்டைக்குப் பவுண் 3 லட்சத்துக்கு மேல, ஆக 9 லட்சத்துக்கு மேல. கிட்டார் ஒரு முதலீடு எண்டு எவனாவது சொன்னா இந்தக் கணக்கக் காட்டு. லெஸ் போல் சன்பர்ஸ்ட் வச்சிருந்தவனுக்கு அது முதலீடு, எங்கட மாதிரி ஆக்கள் வச்சிருந்தது வாசிக்கிற சாமான். ஆனா ஒண்டு, அந்த மூண்டு பவுண் 1990ல எங்க அடகுக்குப் போயிருக்கும், யார் அத மீட்டிருப்பாங்க எண்டும் நினைச்சுப் பாக்கோணும். எங்கட அம்மாட காப்பு போன வழி உனக்குத் தெரியும்தானே.

இனி வழிகள ஒவ்வொண்டாப் பாப்பம்.

கொழும்பு ஆளுக்குக் குடுக்கிறது. இதுல நல்லது என்னெண்டா கையில சல்லி, தலையிடி இல்ல, வந்து எடுத்துட்டுப் போவார். 150,000ல நிப்பாட்டாம 2 லட்சம் வரைக்கும் கொண்டு போகலாம் எண்டு நினைக்கிறன், ஆனா அதுக்கு நீ என்ன விக்கிறாய் எண்டு உனக்கே தெரிஞ்சிருக்கோணும். வாங்குறவனுக்குத் தெரிஞ்சு விக்கிறவனுக்குத் தெரியாத வியாபாரம் எங்க முடியும் எண்டு சந்தையில மாடு வித்தவனக் கேள். பழைய கிட்டார்ல விலைய நிர்ணயிக்கிறது அசல் தன்மைதான். மேல பெயின்ற் மாத்தினா விலை பாதியாகும், அது உலகம் முழுக்க உள்ள வழக்கு. பிக்அப் மாத்தினா குறையும், கம்பி முறுக்குற டியூனர் மாத்த புதுசா ஓட்டை போட்டா குறையும், தலை உடைஞ்சு ஒட்டினா கனக்கக் குறையும். தம்பிட கிட்டார்ல பெயின்ற் அசல், தலை பிழையில்ல, கழுத்துப் பிளேட்டுல ஜேவி நம்பர் வடிவா இருக்கு. ஆனா 1990களிட நடுவுல அவன் கூத்தாடி பிக்அப் மூண்டையும் கழட்டிட்டு வேற போட்டான், சவுண்ட் காணாது, ஹெவியா வேணும் எண்டு. அந்த நேரம் எல்லாருக்கும் அந்த வருத்தம் பிடிச்சிருந்தது.

ஆனா இஞ்சதான் விசயம் கிடக்கு. கழட்டின பழைய பிக்அப்ப அவன் எறியல்ல. எனக்கு நல்ல ஞாபகம், ஒரு மலிபன் பிஸ்கட் டின்னுக்குள்ள வெள்ளப் பிளாஸ்டிக் பிளேட்டோட சேத்து, ஸ்குறு எல்லாம் ஒரு பொலித்தீன்ல கட்டி வச்சான். அந்த டின் உங்கட வீட்டுல எங்கயோ இருக்கு, இல்லாட்டி உங்கம்மா அதுக்குள்ள ஊசி நூல் போட்டு வச்சிருப்பாள். அந்தச் சாமான் இருந்தா இந்தக் கிட்டார் அசல் நிலைமைக்குத் திரும்பும், 1,100க்குப் போறது 1,400க்குப் போகும், வித்தியாசம் எங்கட சல்லியில 90,000 ரூவா, ஒரு டின்னுக்கு! அதனால கொழும்பு ஆள் "பழைய பார்ட்ஸ் ஏதும் கிடக்கா" எண்டு கேட்டா வாய மூடு. ஏற்கனவே கேட்டுட்டாரா எண்டும் எனக்குச் சொல்.

ரெண்டாவது வழி வெளியில அனுப்பி விக்கிறது. சித்தப்பா மகன் சுவிஸ்ல இருக்கான், லீவுக்கு வரக்குள்ள குடுத்துவிட்டா அங்க போட்டு வித்துத் தருவான் எண்டு நீ சொன்னாய். கேக்க நல்லாத்தான் இருக்கு. கணக்குப் போடு: 1,100 டொலருக்கு விக்கிறான் எண்டு வை, இணையத்துல விக்கிற இடத்துக்கும் கிரெடிட் காட்டுக்கும் சேத்து பத்து வீதம் மட்டில போகும், உள்ள கொண்டு போகக்குள்ள சுவிஸ்காரன்ட வரி 8.1 வீதம், பிளேனுக்கு நல்ல கட்டிப் பெட்டி வேணும், எங்கட பழைய பெட்டி துருப்பிடிச்சு மூடுறதே இல்ல, அதோட மேலதிக லக்கேஜ். எல்லாம் போக கைக்கு 750, 800 டொலர், 2 லட்சத்து 30 ஆயிரம் மட்டில. கொழும்பு ஆள்ட்ட பேசி 2 லட்சம் எடுக்கலாம் எண்டா இந்த 30,000க்காக சித்தப்பா மகன ஆறு மாசம் கோல் எடுத்து "வித்துட்டியா, வித்துட்டியா" எண்டு கேட்டுச் சொந்தத்தக் கெடுக்கிறதா? நானெண்டா செய்யமாட்டன். உடைஞ்சு போனா யார் பொறுப்பு எண்ட கதை வேற. இஞ்ச இருந்து நீயே நேர விக்கலாம்தானே எண்டா, பேபால்ல இலங்கைக்குச் சல்லி எடுக்கிறதுக்கு கன காலமா வழி இல்லாமக் கிடந்தது, வங்கி வழியாத் தாறதுக்கு தெரியாத ஆள் சம்மதிக்கமாட்டான்.

பக்கத்துல ஒண்டு சொல்லி வைக்கிறன், உனக்கு இல்ல, வேற ஆக்களுக்கு. உண்மையான 1960களிட அமெரிக்கக் கிட்டார் யாரிட்டயாவது இருந்தா, அதுல விரல் வைக்கிற பலகை பிரேசில் ரோஸ்வூட்டா இருக்கலாம், அது 1992ல இருந்து சர்வதேசச் சட்டத்துல மிகக் கடுமையாத் தடுத்த மரம், அனுமதிப் பத்திரம் இல்லாம எல்லை தாண்டினா பறிச்செடுப்பாங்க. மற்ற ரோஸ்வூட் வகையளுக்கும் 2017ல ஒரு கெடுபிடி வந்தது, 2019 கடைசியில, செய்து முடிச்ச வாத்தியங்களுக்கு விலக்குக் குடுத்துட்டாங்க. தம்பிட கிட்டாருக்கு அந்தப் பயம் இல்ல.

மூண்டாவது, விக்காமப் பெட்டிக்குள்ள வச்சு விலை ஏறட்டும் எண்டு பாத்திருக்கிறது. உங்கம்மாவுக்கு இதுதான் விருப்பம், "அத்தான், அது கிடக்கட்டும், அவர்ட சாமான்" எண்டு என்னட்டச் சொன்னாள். அவள்ட மனசு எனக்கு விளங்குது, ஆனா இந்த வழிதான் எனக்கு ஆகப் பிடிக்காதது. எங்கட ஊர் கிட்டாருக்கு ஆகாத ஊர். மட்டக்களப்புக் கல்லடியில கடலுக்கும் வாவிக்கும் நடுவுல இருக்கிறம், ரெண்டு பக்கமும் உப்புக்காத்து. ஒரு மாசம் தொடாம வச்ச கம்பி செம்மண் நிறமாகும், பிக்அப் ஸ்குறு துரு, வொலியூம் திருகினா கரகரப்பு, மாரி மழைக்குள்ள கழுத்து வளையும், வெயிலுக்கு மற்றப் பக்கம் வளையும். அதோட கறையான். படுவான்கரையில எங்கட கூட்டாளி ஒருத்தன்ட பேஸ் கிட்டார, பெட்டி வெளியில வடிவா இருக்க, உள்ளுக்க அப்பிடியே மண்ணாக்கி வச்சிருந்தது. தம்பிட சாமானுக்கு ஒரு நல்லது, ஜப்பான்காரன் பொலியெஸ்டர் பெயின்ற் தடிப்பா அடிச்சிருக்கான், பழைய அமெரிக்கச் சாமான்ட மெல்லிய நைட்ரோ பெயின்ற் மாதிரி வெடிக்காது. ஆனா பெயின்ற் நல்லாருந்து உள்ளுக்க இரும்பு போனா என்ன பிரயோசனம்.

விலை ஏறும் எண்டும் எழுதிக் குடுக்க ஏலாது. 2007 வரைக்கும் வின்டேஜ் கிட்டார் விலை பட்டம் மாதிரி ஏறிப் போய், 2008 உலக நெருக்கடியோட விழுந்தது, கடன் எடுத்து வாங்கி வச்சவங்க அடிபட்டாங்க. கொரோனா நேரம் எல்லாரும் வீட்டுக்குள்ள இருந்து வாங்க திரும்ப ஏறினது, பிறகு ஆறினது. இந்த விலையத் தூக்கிப் பிடிக்கிறவங்க பாதிப்பேர் அந்தக் கிட்டார் பாட்ட சின்ன வயசுல கேட்டு வளந்த ஆக்கள், அவங்களுக்கு வயசு போகுது. உன்ட வயசுப் பொடியனுகள் போன்லயே பீட் போடுறான். முப்பது வருசத்தால யார் வாங்குவான் எண்டு எனக்கு விளங்கல்ல.

அதோட சுனாமி. உனக்கு அப்ப மூண்டு வயசு. நத்தார் பூசைக்கெண்டு தம்பி அந்தக் கிட்டார புளியந்தீவுப் பக்கம் கோயிலுக்குக் கொண்டு போனவன், ராப்பூசை முடிஞ்ச களைப்புல அங்கயே கொயர் அறையில வச்சிட்டு, நாளைக்கு எடுப்பம், நாளைக்கு எடுப்பம் எண்டு வந்துட்டான். 26ம் திகதி காலையில வீட்டுல இருந்த கனக்கச் சாமான் போச்சு, அம்ப், அவன்ட கலியாணப் போட்டோ எண்டு. நாம மேல ஓடினதால உயிர் தப்பினம். அந்தக் கிட்டார் இருக்கிறது அண்டைக்கு வீட்டுல இல்லாத காரணத்தாலதான்.

நாலாவது, மாத்து. கொழும்புக் கடையில குடுத்துட்டு புது யமஹா பசிபிக்கா ஒண்டு எடுக்கிறது. வேணாம். கடைக்காரன் ரெண்டு பக்கமும் லாபம் வைப்பான்.

இப்ப வருத்தத்தப் பத்திச் சொல்லோணும், ஏனெண்டா நீ என்னட்டக் கேட்ட உண்மையான கேள்வி அதுதான், "வித்தா பிறகு கவலப்படுவனா பெரியப்பா" எண்டு. நான் என்ட சீவியத்துல ரெண்டு சாமான் வித்திருக்கன், ரெண்டும் ரெண்டு மாதிரி.

ஒண்டு ஒரு பச்சப் பெட்டி, ஐபானெஸ் டியூப் ஸ்க்ரீமர் டிஎஸ்808 எண்ட பெடல், கால் மிதிச்சா கிட்டார் சவுண்ட் கரகரத்துத் தடிப்பாகும், அதுதான் வேல. தம்பிதான் கப்பல்ல இருந்து கொண்டு வந்து தந்தவன். 1995ல மகள் பிறக்கிற நேரம், ஆஸ்பத்திரிக்குப் போகவர, பால்மா அது இது எண்டு கையில ஒண்டும் இல்ல, அதோட அந்த யுத்த காலம் ஒன்பது வோல்ட் பற்றரி கையில வச்சிருந்தாலே சென்றியில விளக்கம் சொல்லோணும், கரண்டும் இல்ல, எங்க வாசிக்கிறது. 1,500 ரூவாக்குக் குடுத்திட்டன். அந்தப் பெட்டிதான் இண்டைக்கு நல்ல நிலைமையில இருந்தா 800, 900 டொலர் போகுதாம், ஒரு பவுணுக்குக் கிட்ட! இத முதல் முதல் இணையத்துல கண்ட அண்டு வாய்விட்டுச் சிரிச்சன், மகளக் கூப்பிட்டு "நீ குடிச்ச பால்மா என்ன விலை தெரியுமா" எண்டு காட்டினன். அவ்வளவுதான். அந்த ராத்திரி நல்லாத்தான் நித்திரை கொண்டன். இண்டைக்கும் ஒரு கவலையும் இல்ல.

மற்றது என்ட முதல் கிட்டார். 1978 சூறாவளி அடிச்சு ஓடெல்லாம் பறந்த அடுத்த வருசம், டச்பார் பக்கம் ஒரு பறங்கிக் கிழவர்ட்ட எடுத்தன், அவர் மெக்கானிக், கலியாண வீடுகள்ல பைலா வாசிப்பார், புயலுக்கு வீடு போய் திருத்தச் சல்லி தேவைப்பட்டு வித்தவர். டெய்ஸ்கோ எண்ட ஜப்பான் சாமான், 1960களில செய்தது, மேல நாலு பிக்அப், வரிசையா சுவிச்சு, பாக்க ரேடியோப்பெட்டி மாதிரி. அமெரிக்காவில மலிவுச் சாமானாப் பெட்டி பெட்டியாப் போட்டு வித்த இனம். கம்பி விரலுக்கு மேல கிலோமீற்றர் உயரத்துல நிக்கும், டியூன் நிக்காது, அதோட நான் அறிவு கெட்டு யன்னலுக்கு அடிச்ச மிச்சப் பச்ச எனாமல் பெயின்ற்ற அதுக்கு மேல அடிச்சும் வச்சன். ஆனா முதல் பாட்டு அதுலதான் வாசிச்சன், தம்பிக்குக் கோட்ஸ் பிடிக்கக் காட்டிக் குடுத்ததும் அதுலதான், அவன்ட விரல் வெடிச்சு ரெத்தம் வந்த அடையாளம் அந்தப் பலகையில கிடந்தது.

1988ல அத வித்தன். எதுக்கு? ஒரு பழைய ஹொண்டா 90 மோட்டச்சைக்கிள்ல பாதிப் பங்கு எடுக்கிறதுக்கு. கூட்டாளியோட சேந்து, ஒரு கிழம அவன் ஓடுவான், மறு கிழம நான். ஒரு வருசத்துக்குள்ள எஞ்சின் போச்சு. கூட்டாளியும் போயிட்டான், இப்ப ஆளாளுக்கு மூஞ்சி பாக்கிறதில்ல. கிட்டார வாங்கின பொடியன் செங்கலடிப் பக்கம், மறுகா ரெண்டு தரம் தேடிப் போனன், வீடு மாறிட்டான் எண்டு சொன்னாங்க.

இப்ப கேள், அந்த டெய்ஸ்கோவுக்கு இண்டைக்கும் பெரிய விலை ஒண்டும் இல்ல. ரை கூடர் எண்ட அமெரிக்கக் கிட்டார்காரன் தன்ட ஸ்ட்ராட்ல டெய்ஸ்கோட தங்கத்தாள் பிக்அப் ஒண்டப் போட்டு வாசிச்சதால அந்த வகைப் பிக்அப்புக்கு ஒரு கிராக்கி, ஆனா என்னுடைய மாதிரி எனாமல் பூசினத எவன் வாங்குவான், 200 டொலர் தந்தாலே பெரிய விசயம். சல்லியில நான் நட்டப்படவே இல்ல. இன்னும் ஒண்டு: நான் விக்காம வச்சிருந்திருந்தா அது 2004ல எங்கட வீட்டு அறையிலதான் இருந்திருக்கும், கடல் எடுத்திருக்கும். வித்ததாலதான் அது எங்கயாவது செங்கலடியில ஒரு வீட்டுல கிடக்கவாவது சாத்தியம் இருக்கு. கணக்குப்படி நான் வித்தது சரி, அந்தப் பொடியன்ட்டக் குடுத்தது கிட்டாருக்கே நல்லது. அப்பிடியிருந்தும் முப்பத்தஞ்சு வருசத்துக்கு மேலாச்சு, சந்தியில பச்சக் கலர்ல என்ன கண்டாலும் திரும்பிப் பாக்கிறன், வெக்கமாத்தான் இருக்கு. அந்தப் பறங்கிக் கிழவர் வீடு திருத்தத்தான் வித்தவர், அவர் கவலப்பட்டாரோ தெரியா, ஆனா பெட்டிய என்ட கையில தரக்குள்ள உடன விடல்ல, கொஞ்ச நேரம் பிடிச்சிட்டு நிண்டார், அண்டைக்கு எனக்கு அது விளங்கல்ல, பதினெட்டு வயசு.

பெரிய ஆக்களுக்கும் இதுதான். ஃபிளீட்வுட் மெக் எண்ட இங்கிலாந்து பேண்டத் தொடங்கின பீட்டர் கிரீன் தன்ட 1959 லெஸ் போல, 1970களிட தொடக்கத்துல கேரி மூர் எண்ட இளம் பொடியனுக்கு, நீ உன்ட கிட்டார வித்து வாறதக் குடு காணும் எண்டு, சும்மா குடுத்த மாதிரிக் குடுத்தார். அவர் சாமான வெறுத்துக் குடுத்தவர், ஆள் நல்லா வாசிக்கிறான் எண்டு பாத்துக் குடுத்தவர். கேரி மூர் முப்பது வருசத்துக்கு மேல வாசிச்சுப்போட்டு 2006ல சல்லித் தேவைக்கு வித்தார். அது இப்ப மெட்டாலிக்கா எண்ட அமெரிக்க பேண்ட்ட கேர்க் ஹமெட்ட கையில, மேடையில ஓடுது. ரெண்டு பேர் வித்ததுல எது வருத்தம் எண்டு நீயே யோசிச்சுப் பார், எனக்கு கேரி மூருக்காகத்தான் நெஞ்சு வலிக்குது.

அப்ப நான் எந்தப் பக்கம் எண்டா, அஞ்சாவது வழி, திருத்தி வாசிக்கிறது. நீ வாசிக்கமாட்டாய், அது எனக்குத் தெரியும், உனக்குக் காதே இல்ல, கோவிக்காத. ஆனா உன்ட தங்கச்சி கோயில் கொயர்ல இருக்காள், அந்த இரவல் அகூஸ்டிக்க வச்சு மூண்டு கோட்ஸ்ல எல்லாப் பாட்டையும் ஒப்பேத்துறாள், நான் போன ஈஸ்டருக்குப் பாத்தன், தாளம் பிசகல்ல. செலவு பெரிசு இல்ல: புதுக் கம்பி, வொலியூம் திருகிக்குள்ள கொன்டக்ட் கிளீனர், கழுத்துக்குள்ள இருக்கிற இரும்புக் கம்பியத் திருகி நேராக்கிறது, ஃபிரெட் எண்ட, கழுத்துல குறுக்கப் பதிச்ச கம்பியில பச்சை பிடிச்சத மினுக்கிறது. ஃபிரெட் நல்லாத் தேஞ்சிருந்தா கொழும்புல கை தெரிஞ்ச ஆளிட்டக் குடுத்து மாத்தலாம், ஒழுங்கா மாத்தினா அது விலையப் பெரிசாக் குறைக்காது, டயர் மாத்துற மாதிரி. ஆனா பெயின்ற்றத் தொடாத, ஓட்டை ஒண்டும் போடாத, எதக் கழட்டினாலும் டின்னுக்குள்ள போடு. தெருவில ரேடியோ திருத்துறவன்ட்டச் சோல்டர் பண்ணக் குடுக்காத, நானே வந்து செய்யிறன். பழைய அம்ப் எவனாவது ஜப்பான்ல இருந்து வந்தது எண்டு தந்தா நேர குத்திடாத, அது 100 வோல்ட், எங்கட 230ல குத்தினா புகைதான் வரும்.

வாசிக்கிற கிட்டார் வாசிக்காத கிட்டார விட எங்கட ஊர்ல நல்லா இருக்கும், கை பட்டாத் துரு பிடிக்க நேரம் இல்ல. வைக்கிற இடம் கடல் பக்கச் சுவர்ல வேணாம், உள் சுவர். பெட்டிக்குள்ள சிலிக்கா பைக்கெட் நாலு போட்டு மாரிக்கு மாத்து.

ஆனா இதுக்கு ஒரு எல்லையும் வைக்கிறன், ஏனெண்டா பாசத்துக்காக ஒரு சாமானக் கட்டிப்பிடிச்சு நாறவிடுறதையும் எங்கட குடும்பம் செய்திருக்கு. அடுத்த ஈஸ்டர் வரைக்கும் பார். தங்கச்சி எடுத்து வாசிக்கிறாளெண்டா கிட்டார் அவளுக்கு, பேச்சே இல்ல. அவள் ரெண்டு மாசத்துல சலிச்சு மூலையில வச்சாளெண்டா வித்திடு, கொழும்பு ஆளுக்குக் குடுக்காட்டியும் வாசிக்கிற ஒருத்தனுக்குக் குடு, 20,000 குறைஞ்சாலும் பறவாயில்ல, ஆர் எண்டு தெரிஞ்சு குடு, போன் நம்பர எழுதி வச்சுக்கொள், நான் செங்கலடியில அலைஞ்ச மாதிரி அலையத் தேவையில்ல. இடையில உங்கம்மாவுக்கு வருத்தம் துன்பம், உன்ட படிப்பு, அப்பிடி ஒரு அவசரம் வந்தாலும் வித்திடு, யோசிக்காத. அதுல உனக்குக் கவல வராது, பச்சப் பெட்டி வித்தவன் சொல்றன். மோட்டச்சைக்கிளுக்கு மட்டும் வேணாம். நீ போன கிழம எந்த ஷோரூம் முன்னால நிண்டாய் எண்டு எனக்குத் தெரியாதெண்டு நினைக்காத.

இப்ப முதல் வேல அந்த டின். அம்மாட தையல் மெசின் லாச்சி, படத்தட்டுக்குப் பின்னால, அப்பாட கப்பல் பெட்டிக்கு அடியில, இந்த மூண்டு இடத்தையும் பார். கிடைச்சா உள்ளுக்க இருக்கிறத ஒரு துணியில பரப்பி, முன்னும் பின்னும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. கொழும்பு ஆளுக்கு அனுப்பிடாத.